மருந்தில்லாத மருத்துவர் என்ன படிக்க வேண்டும்?

1902-ல் பம்பாயில் குடியிருந்தபோது காந்தியின் இரண்டாவது மகன் மணிலாலுக்கு டைஃபாய்டு கண்டது. பையனுக்கு வயது 10. நுரையீரலிலும் சளி கட்டி, இரவில் பிதற்றத் தொடங்கிவிட்டான். பார்க்க வந்த பார்சி மருத்துவர், மருந்தால் பெரிய பயன் இராது, முட்டையும் கோழிச்சாறும் கொடுங்கள் என்றார். காந்தி அதை ஏற்கவில்லை. ஜெர்மானியரான லூயி கூனே எழுதியிருந்தபடி இடுப்புக் குளியல் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். மூன்று நாள் தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு மட்டும்தான் ஆகாரம். காய்ச்சல் 104 டிகிரியில் நின்ற ஓர் இரவில் ஈரத்துணியால் உடம்பைச் சுற்றி, மேலே கம்பளி போர்த்தினார். பையன் வியர்த்துப் பிழைத்தான்.

இயற்கை மருத்துவத்தில் பற்றுள்ளவர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள். சொல்லும்போது பெரும்பாலும் ஒரு பகுதி விட்டுப்போகும். மருத்துவரின் உணவு யோசனையை மறுத்த காந்தி அவரை அனுப்பிவிடவில்லை. நாடி பிடித்துப் பார்க்கவோ நெஞ்சையும் நுரையீரலையும் சோதிக்கவோ தமக்குத் தெரியாது, ஆகவே அவ்வப்போது வந்து பையனைப் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த மருத்துவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். சத்திய சோதனையில் காந்தியே இதைப் பதிவு செய்திருக்கிறார். பையன் பிழைத்தது தண்ணீராலா, உணவாலா, இறையருளாலா என்று யாரால் சொல்ல முடியும் என்றும் சேர்த்தே எழுதுகிறார்.

சிகிச்சை என் கையில், நோயைப் பார்ப்பது உங்கள் கையில் என்ற இந்தப் பங்கீடுதான் இயற்கை மருத்துவரின் படிப்பைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கிறது. காந்தியின் வீட்டில் இரண்டு ஆட்கள் செய்ததை ஒரே ஆள் செய்ய வேண்டுமானால், அவர் என்னென்ன படித்திருக்க வேண்டும்?

22 ஆண்டு கழித்து அந்தக் கேள்வி காந்தியின் உடம்பிலேயே எழுந்தது. 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்தவருக்குக் கடும் வயிற்றுவலி. குடல்வால் அழற்சி. 12-ஆம் தேதி இரவு புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடாக் அறுவை சிகிச்சை செய்தார். ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடியவர், சம்மதம் தெரிவிக்கும் அறிக்கையில் கையெழுத்திட்டார். அதற்கு வாசகம் எழுத உடனிருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. நடுவில் மின்சாரம் போய், கடைசியில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் வேலை முடிந்தது.

இதைக் காந்தியின் முரண்பாடாகக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. வயிற்றுக் கோளாறு என்றால் பழைய இயற்கை மருத்துவம் முதலில் எடுப்பது எனிமாவையும் அடிவயிற்று மண்பட்டியையும்தான். பேதி மருந்து, எனிமா, வயிற்றில் சூட்டு ஒத்தடம் ஆகியவை குடல்வால் அழற்சியில் செய்யக்கூடாதவை. வீங்கிய குடல்வால் வெடித்துவிடக்கூடும். ஆக, அந்தச் சிறையறையில் ஓர் இயற்கை மருத்துவர் இருந்திருந்தால், எனிமா கொடுக்கத் தெரிந்திருப்பதைவிட வலது அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து எனிமாவைக் கீழே வைக்கத் தெரிந்திருப்பது அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

இந்த அறிவை முதல் தலைமுறை இயற்கை மருத்துவர்கள் யாரும் அவசியம் என்று கருதவில்லை. அதற்குக் காரணம் அலட்சியமன்று, அவர்களுடைய கோட்பாடே அப்படி அமைந்திருந்தது. சிலேசியாவின் கிரேஃபன்பர்க் மலைக்கிராமத்தில் குளிர்ந்த நீரால் வைத்தியம் செய்த வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) ஒரு விவசாயி. பவேரியாவின் பாட் வோரிஷோஃபனில் புகழ்பெற்ற செபாஸ்டியன் க்னைப் (1821–1897) ஒரு பாதிரியார். இவர்கள் அனுபவத்தை மட்டும் நம்பினார்கள். அதைத் தத்துவமாக்கியவர் லைப்சிக் நகரின் லூயி கூனே. அவரைப் பொறுத்தவரை நோய்கள் பல அல்ல, ஒன்றே. உடலில் வேண்டாத பொருள் தேங்குகிறது, அது எங்கே தேங்குகிறது என்பதைப் பொறுத்து நாம் வெவ்வேறு பெயர் சூட்டுகிறோம், அவ்வளவுதான். கழிவை வெளியேற்றினால் எல்லாம் சரியாகும். முகத்தையும் கழுத்தையும் பார்த்தே தேக்கம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு முகக்குறிச் சாத்திரத்தையும் அவர் எழுதினார்.

நோய் ஒன்றே என்றால் நோயைப் பிரித்தறியும் கல்விக்கு இடமேது? கூனேயின் முறையைப் படித்தவர் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது. மருத்துவரும் மருந்துக்கடையும் எட்டாத ஏழைக்கு ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு துணியும் போதும். காந்தியை ஈர்த்ததும் இந்த எளிமைதான். எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்த ஒரு முறையைப் பின்னாளில் ஐந்தரை ஆண்டுப் பட்டமாக்கியபோது, அந்தப் பழைய கோட்பாடும் புதிய பாடத்திட்டமும் ஒன்றோடொன்று முழுமையாக இணங்கவில்லை. இன்றுவரை அந்தப் பிணக்கு தீரவில்லை.

கூனேயின் நூல் 1894-லேயே தெலுங்கில் வந்துவிட்டது. பிறகு இந்தியும் உருதுவும். அடால்ஃப் யுஸ்ட் எழுதிய, இயற்கைக்குத் திரும்புவது பற்றிய நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, மலச்சிக்கலுக்கு வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொள்ளத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு மையம் புதுக்கோட்டை. ரமண மகரிஷியின் அன்பரான கே. லக்ஷ்மண சர்மா அங்கே கணேஷ் நகரில் இருந்து இயற்கை மருத்துவ நூல்களும் ஓர் ஆங்கில இதழும் வெளியிட்டார். அவர் ஆன்மிகத்தையும் நோயையும் ஒரே கண்ணால் பார்த்தவர். நம் ஊர்களில் இயற்கை மருத்துவம் வெகுகாலம் ஆசிரமமாகவே நடந்ததற்கு இந்த மரபு ஒரு காரணம். 1946-ல் காந்தி உருளி காஞ்சன் கிராமத்தில் தொடங்கிவைத்த நிலையமும் ஆசிரமம்தான். மணிபாய் தேசாய் அதை வளர்த்தார். ஆசிரமத்தில் குருவோடு இருந்து பார்த்துப் பழகுவதே பயிற்சி, சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. புனேயில் தின்ஷா மேத்தா நடத்திய சிகிச்சை நிலையத்தில்தான் காந்தி 1945 நவம்பர் 18 அன்று இயற்கை மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைமையை ஏற்றார். இப்போது ஆண்டுதோறும் இயற்கை மருத்துவ நாள் கொண்டாடப்படுவது அந்தத் தேதியில். அதே கட்டடத்தில் 1986 முதல் மத்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது.

க்னைப்பின் கிளை அமெரிக்காவுக்குப் போன கதை வேறு. அங்கிருந்து காசநோயோடு ஊர் திரும்பி க்னைப்பிடம் குணமடைந்ததாக நம்பிய பெனடிக்ட் லஸ்ட் என்ற இளைஞர், 1896-ல் நியூயார்க் சென்று தண்ணீர் வைத்தியத்தைப் பரப்பினார். சில ஆண்டுகளில் ஒரு பள்ளியும் தொடங்கினார். அவர் தண்ணீரோடு நிற்கவில்லை. மூலிகை, எலும்பைத் தட்டித் திருத்தும் முறை, ஹோமியோபதி, சத்துணவுப் பொருள் விற்பனை என்று வழியில் கண்ட எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். இந்தியாவில் அப்படிச் சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை. மூலிகைக்குச் சித்தமும் ஆயுர்வேதமும் முன்பே இருந்தன. ஆகவே இங்கே இயற்கை மருத்துவர் மருந்தே கொடுக்காதவர் ஆனார். அங்கேயோ ஓரிகன் மாநிலத்தில் அவர் பல நவீன மருந்துகளையே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரே ஜெர்மன் நீர்த்தொட்டியிலிருந்து கிளம்பிய இரண்டு தொழில்கள் இவை. அமெரிக்க இயற்கை மருத்துவர் பற்றி இணையத்தில் படித்துவிட்டு சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு இயற்கை மருத்துவமனைக்கு வருகிறவர் குழம்பிப் போவது இயல்பே.

அமெரிக்கக் கல்வியைச் சற்றுப் பார்க்கலாம். 1910-ல் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் இல்லாத பள்ளிகள் மெல்ல மறைந்தன. பென்சிலின் வந்தபின் இயற்கை மருத்துவம் கிட்டத்தட்ட அணைந்தே போனது. 1956-ல் போர்ட்லாந்தில் தொடங்கிய கல்லூரி ஒன்றுதான் அந்த மரபை அறுபடாமல் காத்தது. 1978-ல் சியாட்டில் நகரில் பாஸ்டிர் கல்லூரியும் கனடாவில் ஒரு கல்லூரியும் வந்தன. இன்று அங்கீகாரம் பெற்ற படிப்பு என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டு. குறைந்தது 4,100 மணி நேரம், அதில் 1,200 மணி நேரம் நோயாளிகளோடு. பிறகு இரண்டு பகுதியாக உரிமத் தேர்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் குடும்ப மருத்துவர் ஆக விரும்புகிறவர் மருத்துவப் பட்டம் பெற்றபின் மூன்றாண்டு மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி பெற வேண்டும். இயற்கை மருத்துவருக்கோ யூட்டா போன்ற ஓரிரு இடங்கள் தவிர அந்தக் கட்டாயம் இல்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியை அவர் அதிகம் பார்ப்பதே இல்லை. சில மாநிலங்களில் அவர் முதல்நிலை மருத்துவர், தென் கரோலினாவிலும் டென்னசியிலும் அவர் தொழில் செய்வதே சட்டவிரோதம்.

ஜெர்மனியின் ஏற்பாடு இன்னும் வினோதமானது. இந்த மருத்துவத்தின் தாய்வீட்டில், 1939-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஹைல்பிராக்டிகர் என்ற உரிமம் பெற எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க வேண்டியதில்லை. சுகாதார அலுவலகம் வைக்கும் தேர்வில் தேறினால் போதும். அந்தத் தேர்வு கேட்பது அவர் பொதுமக்களுக்கு ஆபத்தானவரா என்பதை மட்டும்தான். 2016-ல் அத்தகைய உரிமம் பெற்ற ஒருவர் நெதர்லாந்து எல்லையருகே நடத்திய நிலையத்தில், பரிசோதனை நிலையில் இருந்த ஒரு வேதிப்பொருளை நரம்பில் ஏற்றியதில் மூன்று புற்றுநோயாளிகள் இறந்தார்கள். நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. இயற்கையான எதுவும் அந்தச் சிகிச்சையில் இல்லை என்பதுதான் கொடுமை.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நம் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவ, யோக அறிவியல் இளநிலை) பட்டம் உண்மையிலேயே கனமானது. பாடம் நான்கரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. கர்நாடகத்தின் உஜிரேயில் 1989-ல் தொடங்கிய கல்லூரி இந்தப் பட்டத்துக்கு முன்னோடி. தமிழ்நாடு அரசு சென்னை அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை வளாகத்தில், 2000-ல் யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. செங்கல்பட்டில் இன்னொரு பெரிய நிறுவனம் வந்திருக்கிறது. தனியார் கல்லூரிகளும் உண்டு. பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடக்கிறது, நீட் கட்டாயமில்லை. நீட்டுக்குப் பின் மருத்துவராகும் ஆசையைக் கைவிடாத பல குடும்பங்கள் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரையும் மண்ணையும் நம்பி வந்த மாணவர் சிலர், வெள்ளை அங்கியை நம்பி வந்தவர் பலர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ். வகுப்பறையிலும் தொண்டுள்ளத்தோடு வந்தவர்களை மட்டுமே எண்ணினால் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும்.

முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். சடலத்தை அறுத்துப் படிக்கிறார்கள். அடுத்து நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், சமூக மருத்துவம், சட்ட மருத்துவம். இதய ஒலி கேட்கவும் எக்ஸ்ரே பார்க்கவும் ஆய்வக முடிவுகளைப் படிக்கவும் கற்கிறார்கள். மகப்பேறும் அவசர சிகிச்சையும் பாடத்தில் உண்டு. இவற்றோடு இணையாக இயற்கை மருத்துவத் தத்துவம், யோகம், நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உண்ணாநோன்பு, உணவியல், மசாஜ், அக்குபஞ்சர், பிசியோதெரபி. நீர் சிகிச்சைக்கு இன்றும் அடிப்படை நூல், மிச்சிகனின் பேட்டில் கிரீக் சானடோரியத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் 20-ஆம் நூற்றாண்டின் வாசலில் எழுதிய தடித்த புத்தகம். காலை உணவுச் சோளப்பொரியால் உலகம் அறிந்த அதே கெல்லாக். அவர் முறையாகப் படித்த அறுவை மருத்துவர். எந்த வெப்பத்தில் உள்ள நீர், உடம்பின் எந்தப் பகுதியில், எத்தனை நிமிடம் பட்டால் ரத்தக்குழாய் என்ன செய்யும் என்று அளந்து எழுதியவர். கூனேயின் வழிவந்தவர்கள் கெல்லாக்கைப் பாடமாக ஏற்றது பெரிய அதிர்ஷ்டம்.

கூனேயும் போய்விடவில்லை. நோயறியும் பாடத்தில் ஸ்டெதஸ்கோப்புக்கு அடுத்த பக்கத்தில் முகக்குறிகளைப் பார்க்கும் முறையும் கருவிழியைப் பார்த்து உள்ளுறுப்பு நோயைச் சொல்லும் முறையும் இருக்கின்றன. கருவிழி முறையைக் கொண்டுவந்தவர் ஹங்கேரியின் இக்னாஸ் பெக்ஸெலி. சிறுவயதில் அவர் பிடித்த ஆந்தையின் கால் முறிந்தபோது அதன் கண்ணில் ஒரு கோடு தோன்றியதாகக் கதை சொல்வார்கள். 1979-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. 143 பேரின் கண் படங்களைக் கொடுத்து இவர்களில் யாருக்குச் சிறுநீரக நோய் என்று கேட்டார்கள். கருவிழி ஆய்வில் தேர்ந்தவர்களால் நோயாளியையும் நலமுள்ளவரையும் பிரிக்க முடியவில்லை. காந்த சிகிச்சைக்கும் நிற சிகிச்சைக்கும் இதைவிட நல்ல ஆதாரம் இருப்பதாக நான் காணவில்லை. கிரியேட்டினின் அளவைப் படிக்கக் கற்ற மாணவரிடம் கண்ணைப் பார்த்துச் சிறுநீரகத்தைச் சொல் என்று கேட்பது அவருடைய படிப்பை அவமதிப்பது. வரலாற்றுப் பாடமாக இருக்கட்டும். நோயறியும் பாடத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கையில் உள்ள முறைகள் மென்மையானவை, ஆகவே பாதகமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓர் இயற்கை மருத்துவமனையின் காலைப்பொழுதைக் கவனித்தால் அது கலைந்துவிடும். விடிந்ததும் ஜலநேதி. மூக்கின் ஒரு துளையில் ஊற்றிய நீர் மறு துளையில் வருகிறது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரைக் கொண்டு இப்படி மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். கொதித்து ஆறிய நீரா என்று கேட்பது சடங்கன்று. அடுத்து சூடான பாதக் குளியல். நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் கால் மரத்திருக்கும், கொப்புளம் வந்தபின்தான் அவருக்குத் தெரியும். ஆகவே தொட்டியை நிரப்புமுன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நீராவிக் குளியலும் வாழை இலைக் குளியலும் வியர்வையாக உப்பையும் நீரையும் எடுத்துவிடும். நீர்பிரியும் மாத்திரை உண்ணும் ரத்தக்கொதிப்புக்காரர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். இதயம் பலவீனமானவரை அந்தப் பெட்டிக்குள் உட்கார வைக்கவே கூடாது.

பத்து மணிக்குச் சாறு வருகிறது. வெண்பூசணி, வாழைத்தண்டு, கீரை, இளநீர். நலமுள்ளவருக்கு நல்லது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடும். இயற்கை உணவு என்பதால் இதைப் பற்றி நோயாளியும் கேட்கமாட்டார், வீட்டாரும் பயப்படமாட்டார்கள். பயப்பட வேண்டிய ஆள் மருத்துவர் ஒருவர்தான்.

உண்ணாநோன்பு இன்னும் நுட்பமானது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். அண்மையில் பரவலாகியிருக்கும் ‘கிளிஃப்ளோசின்’ வகை மாத்திரைகளோடு நோன்பிருந்தால் நேர்மாறான பொறி ஒன்று உண்டு. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே காட்டும், உள்ளே ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். முதல்வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போய்விடும், எந்த உணவு முறையும் அதற்கு மாற்றாகாது. மருந்து எழுதாத மருத்துவருக்கு மருந்தியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியே போதும். இயற்கை மருத்துவரிடம் வருகிற ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஏதோ மாத்திரை சாப்பிடுகிறவர்தான். அந்த மாத்திரைகளை அறியாமல் ஒரு வேளை உணவைக் கூட மாற்ற முடியாது.

இந்த மருத்துவத்தால் பயன் இல்லை என்று யாராவது இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறு. முதுகுவலிக்கு யோகம் ஓரளவு பயன் தருகிறது என்பதை 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஏற்றது. பெரிய பலனன்று, நடமாட்டத்தில் சிறிதிலிருந்து நடுத்தர முன்னேற்றம். உணவின் ஆற்றலுக்குச் சான்று இதைவிட வலுவானது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் நடத்திய டைரக்ட் ஆய்வில் இரண்டாம்வகைச் சர்க்கரை நோயுள்ள ஏறக்குறைய 300 பேர் பங்கேற்றனர். பாதிப்பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி கொண்ட திரவ உணவு. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இருந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம் பேர்தான். உணவைக் குறைத்தால் நோய் விலகும் என்று நூறாண்டாகச் சொல்லிவந்த மரபு இதைத் தன் வெற்றியாகக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரையையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் முதல் நாளே நிறுத்தியது பொது மருத்துவர்களின் கண்காணிப்பில். இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவில்லை. நோய் தொடங்கி ஆறாண்டு தாண்டியவர்களையும் சேர்க்கவில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற அந்தத் தேர்வுதான் வெற்றியின் பாதி.

விடவேண்டியவரை விடாதபோது என்னவாகும் என்பதற்கும் கணக்கு உண்டு. உடலெங்கும் பரவாத, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 பேரின் பதிவுகளை யேல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

இத்தனை பொறுப்புள்ள ஒரு தொழிலை இந்தியச் சட்டம் எப்படி வைத்திருக்கிறது? அரைகுறையாக. ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய கவுன்சில் இருந்தது. இயற்கை மருத்துவம் அதில் இல்லை. 2014-ல் உருவான ஆயுஷ் அமைச்சகத்தின் பெயரிலேயே யோகாவும் இயற்கை மருத்துவமும் இடம்பெற்றன. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையத்தை அமைத்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் திபெத்திய சோவா ரிக்பாவைக்கூடச் சேர்த்துக்கொண்டது, இதைச் சேர்க்கவில்லை. ஆனால் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்வதற்கான 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைத் திறந்தால், அங்கீகரிக்கப்பட்ட முறைகளின் பட்டியலில் யோகாவும் இயற்கை மருத்துவமும் இருக்கின்றன. நிலையம் நடத்தலாம், நடத்துபவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சொல்ல மத்தியில் சட்டப்படியான அமைப்பு இல்லை. தமிழ்நாட்டில் பட்டதாரிகளை மாநில இந்திய மருத்துவ வாரியம் பதிவு செய்கிறது. எல்லா மாநிலங்களிலும் இந்த ஏற்பாடு இல்லை.

இந்த இடைவெளியில்தான் அஞ்சல்வழிச் சான்றிதழும் வார இறுதிப் பயிற்சியும் யூடியூப் உபதேசமும் புகுந்து உட்கார்ந்தன. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஓர் ஆசிரியை இறந்தபோது, செய்திகளிலும் பேச்சிலும் இயற்கை மருத்துவம் என்ற பெயரே அடிபட்டது. அரும்பாக்கத்தில் ஐந்தரை ஆண்டு படித்தவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மகப்பேற்றைப் பாடமாகப் படித்தவர் இரத்தப்போக்கைக் கண்டால் ஆம்புலன்சை அழைப்பார். பெயர் கெட்டதற்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

மறுபக்கம் பட்டதாரிகளில் சிலருக்கும் ஒரு சபலம் உண்டு. தனியார் மருத்துவமனையில் இரவுப்பணி மருத்துவராகச் சேர்ந்து ஆங்கில மருந்து எழுதுவது. வேலையும் வருமானமும் அங்கேதான் கிடைக்கின்றன. 1996-ல் உச்ச நீதிமன்றம், ஹோமியோபதி மட்டுமே படித்த ஒருவர் டைஃபாய்டு என்று கருதி நவீன மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், படிக்காத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவாகும் என்று தீர்ப்பளித்தது. இயற்கை மருத்துவருக்கும் அது பொருந்தும். தம் துறையில் போதிய பணியிடம் இல்லாத பட்டதாரியைச் சட்டத்தைக் காட்டி மட்டும் நிறுத்திவிட முடியாது என்பதும் உண்மை.

அந்தப் பணியிடங்கள் தமிழ்நாட்டில் மெல்ல வந்திருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவ அலுவலர்களை நியமிக்கிறது. கொரோனா காலத்தில் இவர்கள் சிகிச்சை மையங்களில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இனிச் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் சில மாதங்களையாவது அரசுப் பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பொது மருத்துவ வார்டிலும் கட்டாயமாக்கலாம். மருந்து எழுதுவதற்காக அல்ல, மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகுவதற்காக.

இன்னொன்று, நோயாளியின் கையில் இருக்கும் நோட்டு. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. அதே நோயாளி மருத்துவமனையின் யோகாப் பிரிவுக்கு வந்து உணவுப் பட்டியல் வாங்கிப் போகிறார். மாத்திரை ஒரு நோட்டில், உணவு இன்னொரு தாளில். அரிசியைக் குறைத்து, இரவு உணவை விட்டு, எடை ஆறு கிலோ இறங்கிய ஒருவருக்குப் பழைய அளவு மாத்திரை இனி அதிகம். அதைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் பொது மருத்துவரிடம் இருக்கிறது, குறைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது முதலில் தெரிவது யோகாப் பிரிவில் உள்ளவருக்கு. இருவரும் எழுதுவது ஒரே நோட்டில் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, டெல்லியின் அனுமதியும் தேவையில்லை.